பதினாறாம் நம்பர் ஊசியின் நுனி

ஊசி முறிந்தால் இரண்டு துண்டையும் தேடி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காமல் அடுத்த தையல் போடக் கூடாது. எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் இது. முறிந்த துண்டுகளை ஒரு பழைய தைல டப்பாவுக்குள் போட்டு வைப்பேன். கந்தோரில் மற்றவர்களின் கோப்புகளில் பிழை பிடித்தே இருபத்தாறு வருடம் கழித்தவள் நான். என் வேலையில் யாரும் பிழை கண்டால் எனக்குப் பொல்லாத ஆத்திரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நான் செய்தது விளங்காது.

தைப்பது எனக்குப் பொழுதுபோக்கு மட்டும்தான். ஆனால் சனி ஞாயிறுகளில் லிங்கநகர் வீட்டு முன்னறையில் மெசினைத் திறந்துவிட்டேன் என்றால் அன்றைக்குச் சமையல் பிந்தும். கச்சான் காற்று அனலாக அடிக்கிற மாதங்களில் திருகோணமலையில் தடித்த துணி உடம்பில் தங்காது. மெல்லிய பருத்தியில் கையில்லாத சட்டைகள், தொளதொளத்த வீட்டு உடுப்புகள் என்று எனக்கும் தெரிந்தவர்களுக்கும் தைப்பேன். மிஞ்சுகிற துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைப்பேன்.

"இந்தப் புழுக்கத்துக்குப் போர்வையோ? ஆரைக் கொல்லப் போறீர்?" என்று என் கணவர் கேட்பார். பகிடிக்குத்தான். இப்போதெல்லாம் அவர் அந்தப் பகிடியைச் சொல்வதில்லை.

என்னோடு வேலை செய்பவள் ஒரு கிண்ணியாப் பெண். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள். அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளைப் பிள்ளை என்பேன். கல்யாணம் முடித்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்த ஒன்பது வருடமும் அவள் பட்ட பாட்டைப் பக்கத்து மேசையில் இருந்து பார்த்தவள் நான். அந்தக் குழந்தைக்கு என் கையால் ஏதாவது செய்யாமல் விட ஏலுமா?

பச்சை உடம்புக்குப் புதுத்துணி ஆகாது. உடுத்து உடுத்துப் பதமான பழந்துணியில்தான் எங்கள் பக்கத்தில் குழந்தையைக் கிடத்துவோம். ஆகவே துணியை அவளிடமே கேட்டு வாங்கினேன். அவளுடைய உம்மாவின் வொயில் சேலைகள், கணவன் உடுத்துப் பழசான சாரம், அவள் குமரியாக இருந்தபோது போட்ட சட்டைகள். சட்டைகளை வெட்டி மேலே ஒரு நட்சத்திரம் தைத்தேன். உள்ளே சாரத்தை மடித்து வைத்தேன். கீழே சேலை. நாற்பது நாள் கழிந்து பிள்ளை பார்க்கப் போகும்போது கொடுப்பதாக எண்ணம்.

போகிற நாளுக்கு முதல் மாலை, நட்சத்திரத்தின் நடுவில் எட்டு மூலைகள் வந்து சேர்கிற தடிப்பில் ஏறும்போது ஊசி முறிந்தது. பதினாறாம் நம்பர், தடித்த துணிக்கான ஊசி. மேல்பாதி மெசினிலேயே நின்றது. நுனியைக் காணவில்லை. நிலத்தைக் கையால் தடவினேன். மெசினின் காலடியில் ஒரு நுனி அகப்பட்டது. கரை இன்னும் மடிக்கவில்லை, பொழுதும் பட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும் டப்பாவுக்குள் போட்டு மூடினேன். பொருத்திப் பார்க்கவில்லை.

போர்வையைக் கொடுத்து இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை காலை, எனக்கொரு சட்டை தைத்துக்கொண்டிருந்தபோது மெல்லிய ஊசியொன்று முறிந்தது. இம்முறை துண்டுகள் இரண்டும் உடனே கிடைத்தன. டப்பாவைத் திறந்தபோது, அன்றைக்குப் போட்ட துண்டுகள் மேலாகவே கிடந்தன. சும்மா எடுத்துப் பொருத்திப் பார்த்தேன். பொருந்தவில்லை. மேல்பாதி தடிப்பு, நுனி மயிர் மாதிரி மெல்லிசு. அது இந்தச் சட்டத்தைப் போடுவதற்கு முன் எப்போதோ முறிந்து, நான் தேடிக் களைத்து விட்ட வேறொரு ஊசியின் நுனி. அப்படியென்றால் பதினாறாம் நம்பரின் நுனி எங்கே?

எங்கே என்று எனக்குத் தெரியும். மெசினுக்குக் கீழே படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன், மூலைமுடுக்கெல்லாம் கூட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. உடனே அவளுக்கு போன் எடுத்தேன்.

"அக்கா, ஒங்களத்தான் நினைச்சன். ஒங்கட போர்வையில போட்டாத்தான் புள்ள நித்திர கொள்றா. வேற எதுலயும் கிடக்கிறா இல்ல. உம்மா எல்லாருக்கும் காட்டிக் காட்டித் திரியிறா," என்றாள்.

வாய்வரை வந்தது. பிள்ளையை அதிலிருந்து தூக்கு என்று சொன்னால் போதும், அவ்வளவுதான். நான் சொன்னது வேறு.

"சும்மாதான் பிள்ளை எடுத்தனான். இண்டைக்கு அந்தப் பக்கம் வர இருக்கு. வீட்டில நிப்பீங்களோ?"

"ஓம் அக்கா, வாங்க."

கணவர் மோட்டார்சைக்கிளில் தம்பலகாமத்துக்குப் போயிருந்தார். சந்தியில் ஓட்டோ ஒன்றும் இல்லை. வந்த பஸ்ஸில் ஏறினேன். அது ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்று போனது. சீனன்குடாவில் யாரோ மூட்டை ஏற்றினார்கள். நடத்துநரோடு வாய் காட்டினேன். குழந்தை புரளுகிற வயது இல்லை, கையைக் காலை மட்டும்தான் உதறும் என்று எனக்கு நானே சொன்னேன். உதறினால் போதாதா என்றும் நானே கேட்டேன். கையில் போன் இருந்தது. கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த நுனி போர்வையில் இருக்கக் கூடாது, வேறெங்காவது விழுந்திருக்க வேண்டும் என்று நேர்ந்துகொள்ளாத கோயில் இல்லை.

குழந்தை உள்ளறையில், நிலத்தில் விரித்த போர்வையின் நடுவில், நட்சத்திரத்தின் மேல் கிடந்தது. சத்தமில்லை. வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

"தூக்கட்டே?" என்று கேட்டுக்கொண்டே தூக்கிவிட்டேன். பிறகு மற்றக் கையால் போர்வையைச் சுருட்டினேன். "கரையில ஒரு தையல் விட்டிருக்கு பிள்ளை. கொண்டுபோய்த் தைச்சுத் தாறன்."

"எங்க அக்கா? நல்லாத்தானே இரிக்கி."

"எனக்குத் தெரியும். தாங்கோ."

அவள் சிரித்துக்கொண்டு சரி என்றாள். அவ்வளவு லேசாக முடிந்துவிட்டது. எழும்பிப் போகலாம். அந்த நேரம் குழந்தை என் தோளில் கிடந்து காலை உதறியது. அதன் தொடையின் பின்பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளியைக் கண்டேன்.

போர்வையைக் கொண்டு போகலாம். பிள்ளையைக் கொண்டு போக ஏலாது.

ஊசி முறிந்ததையும் நுனி போர்வைக்குள் இருக்கலாம் என்பதையும் சொன்னேன். அவள் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கினாள். அவளுடைய உம்மா "யா அல்லாஹ்" என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையின் உடுப்பைக் கழற்றி, மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்தார்கள். சிவந்த இடத்தை அமர்த்தியபோது குழந்தை அழவில்லை. நுளம்பு கடித்ததாக இருக்கும் என்றார் உம்மா. இருக்கும் என்றால் போதுமா? ஊசி உடம்புக்குள் போனால் மேலே ஒன்றும் தெரியாது என்று நான் எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். அதை வாயால் சொல்லவில்லை. அவளும் கேள்விப்பட்டிருந்தாள் போல. "போர்வையப் பிரிங்க அக்கா," என்றாள். "அதுல இரிந்தா புள்ளைக்கிட்ட இல்ல."

வழி முழுக்க இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்தவள், இப்போது இருக்க வேண்டும் என்று வேண்டினேன். உம்மா பிள்ளையை மடியில் வைத்திருக்க நாங்கள் இருவரும் நிலத்தில் உட்கார்ந்து பிரித்தோம். எட்டு மூலைகள் சேர்கிற இடத்தை முதலில் வெட்டினேன். இல்லை. நட்சத்திரத்தின் கைகளை ஒவ்வொன்றாக அறுத்தோம். இல்லை. சாரத்தை உதறினோம். இரண்டு தரம் கத்தரிக்கோல் என் கையிலிருந்து விழுந்தது. தன் கணவன் வேலை முடிந்து வருவதற்குள் கிடைக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு என்று அவள் சொன்னாள். அழுது களைத்த குரல், ஆனால் கை நிற்கவில்லை.

கடைசியில் கரையில்தான் இருந்தது. கழுவும்போதோ உதறும்போதோ நடுவிலிருந்து வழுகி, மடித்த கரைக்குள் போயிருக்கிறது. அவளுடைய விரலில்தான் குத்தியது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். கட்டெறும்பின் நீளம்கூட இல்லை. மேல்பாதியை நான் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். பொருத்தினோம். பொருந்தியது. உம்மா பிள்ளையின் தலையில் முத்தமிட்டுக்கொண்டே அழுதார். நானும் வாய்விட்டு அழுதேன்.

"ஊசி முறியிறதுதானே அக்கா. அதுக்கு ஏன் இவ்வளவு?" என்று அவள் என் முதுகைத் தடவினாள். தடவிய கை கொஞ்சத்தில் நின்றது.

"காலையில போன் எடுத்தீங்களே. அப்ப ஒங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம்," என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். உம்மா தேத்தண்ணி ஊற்றித் தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகும் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மேசையில்தான் இருக்கிறோம். பேசுகிறாள், சிரிக்கிறாள், கொண்டுவருகிற சாப்பாட்டில் எனக்கும் பங்கு வைக்கிறாள். பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டாள். வெயிலுக்கு இரண்டு சட்டை தைக்கட்டுமா என்று போன மாதம் பயந்து பயந்து கேட்டேன். தைத்துத் தாங்க அக்கா என்றாள். மஞ்சள் பருத்தியில் ஒன்றும் நீலத்தில் ஒன்றும் கொடுத்தேன். மேசையில் வைத்து, இரண்டையும் உட்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, கழுத்திலிருந்து கரை வரைக்கும் தையல் தையலாக விரலால் அமர்த்தி அமர்த்திப் பார்த்தாள். எனக்கு முன்னாலேயே, ஒளிக்காமல், அவசரப்படாமல். பார்த்து முடியும் வரைக்கும் நான் பக்கத்திலேயே நின்றேன்.