குறுக்கே போட்ட தழை

வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிற பந்தயத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தால் நின்றுவிடுவேன். மற்றவர்கள் வரைபடத்தைப் பார்ப்பார்கள், திசைகாட்டியைப் பார்ப்பார்கள், ஓடிவிடுவார்கள். நான் தரையைப் பார்ப்பேன். இரண்டு மூன்று விநாடிதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு இடத்தில் இப்படி நின்றால் அரை நிமிஷம் போய்விடும். கீழே என்னத்தைத் தொலைத்தாய் என்று கூட ஓடுகிறவர்கள் கேலி செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன். சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குப்பிகளுக்குப் பேர் எழுதி ஒட்டுகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் அரை நிமிஷம் போனால் குடி ஒன்றும் முழுகிவிடாது. நான் தேடுவது ஒரு பச்சைத் தழையை என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. எங்கள் அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு வழக்கம். சந்தைக்கோ காட்டுக்கோ நாலைந்து பேர் கிளம்பினால் எல்லோரும் ஒன்றாக நடக்க முடியாது. தலையில் சுமை இருக்கும், இடுப்பில் பிள்ளை இருக்கும், ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார். முன்னால் போகிறவர் பாதை பிரிகிற இடத்தில் ஒரு கொப்பை ஒடித்து, தான் போகாத பாதைக்குக் குறுக்கே போட்டுவிட்டுப் போவார். பின்னால் வருகிறவர் அதைப் பார்த்து மற்றப் பாதையில் திரும்புவார். கடைசியாக வருகிற ஆள் அந்தத் தழையை எடுத்து ஓரமாக வீசிவிட வேண்டும். காட்டுக்குள் இருக்கிற சாமிக்குப் பூசை நடக்கும்போதும் இப்படிப் போடுவார்கள். அதைப் பெண்பிள்ளைகள் தாண்டவே கூடாது. மொத்தத்தில், தழை கிடந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது, அவ்வளவுதான். யார் போட்டது, ஏன் போட்டது என்று விசாரிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

அப்போது எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினாறு. பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு ஓடையைத் தாண்டி ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் ஓடை வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் முதுகைக் காட்டிக் குனிவாள். நான் ஏறிக்கொள்வேன். பத்து வயதிலும் ஏறிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கமெல்லாம் இல்லை. அக்காவின் முதுகு என் சொந்தச் சொத்து என்றுதான் நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்துக்குக் கீழ்நாட்டிலிருந்து ஒரு விளையாட்டு வாத்தியார் மாற்றலாகி வந்திருந்தார். கடற்கரைப் பக்கத்துக்காரர், கழுத்தில் சிலுவை போட்டிருப்பார், எங்கள் குளிருக்குச் சித்திரையிலும் ஸ்வெட்டர் போடுவார். வரைபடம் பார்த்து ஓடுகிற விளையாட்டை அவர்தான் மலைக்குக் கொண்டுவந்தார். விடுமுறை நாளெல்லாம் காடு காடாக அலைந்து, பாறை, ஓடை, ஒற்றையடிப் பாதை என்று ஒவ்வொன்றாகக் குறித்து ஒரு வரைபடம் போட்டார். ஊரே சிரித்தது. பிறந்ததிலிருந்து நடக்கிற காட்டுக்கு வாத்தியார் நமக்கு வழி எழுதித் தருகிறாராம் என்று பெரியப்பா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அக்கா சிரிக்கவில்லை. அந்தத் தாளைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் ஏற்றம் தெரியாது என்று எனக்கும் பாடம் எடுத்தாள். நான் விழித்ததைப் பார்த்து, என் காலை மடக்கச் சொல்லி, முழங்காலில் பேனாவால் வளையம் வளையமாகக் கோடு போட்டாள். இதுதான் மலை, இது உச்சி, இது நம் மரவள்ளிக் காடு. காலை நீட்டினேன், மலை காணாமல் போய்விட்டது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அம்மா வந்து அதட்டினாள்.

பிறகு சேலத்திலிருந்து இந்த ஓட்டம் ஓடுகிற சிலர் வாத்தியாரைப் பார்க்க வந்தார்கள். மலைப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பந்தயம் வைப்பதாகவும், முதலில் வருகிற ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் கீழே விடுதியில் சேர்த்து, பன்னிரண்டாவது வரை படிக்கவைத்து, ஓட்டமும் பழக்குவதாகவும் சொன்னார்கள். வாத்தியார் எங்கள் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பேசினார். அப்பா "மொதல்ல வந்தா போகட்டுமுங்க" என்றார்.

போகட்டும் என்ற அந்த ஒரு வார்த்தை எனக்கு விஷமாக இறங்கியது. மறுநாள் மாமா வந்து, முதலில் வராவிட்டால் என்ன செய்வது என்று அப்பாவோடு பேசினார். நான் அங்கேதான் இருந்தேன். மாமா வாங்கி வந்த தேங்காய் பன்னைத் தின்றுகொண்டிருந்தேன். தேங்காயெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்ததால் எந்தப் பக்கம் முதலில் கடிப்பது என்பதுதான் அப்போது என் கவலை. பேச்சு ஒன்றும் காதில் ஏறவில்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் கொடி கட்டுவதற்கு வாத்தியார் சின்னப் பிள்ளைகள் சிலரைக் கூட்டிப்போனார். கொடி என்றால் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு துணி. ஓடுகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்து அதைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே தொங்குகிற கருவியால் தங்கள் அட்டையில் துளை போட வேண்டும். ஒரு துளை விட்டாலும் ஓட்டம் செல்லாது. நான் சுமந்தது நாலாவது கொடி. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கிற தோட்டத்தைத் தாண்டியதும் பாதை பிரியும். இடது பக்கம் ஏறினால் ஒரு மொட்டைப் பாறை, அதன் அடியில் பலா மரம். அந்த மரத்தில் கட்டினோம். வலது பக்கம் இறங்கினால் ஓடை. கொடி இருக்கிற இடத்தை அக்காவிடம் சொல்லக் கூடாது என்று வாத்தியார் சத்தியம் வாங்கினார். நான் சொல்லவில்லை. அந்தச் சத்தியத்தை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினேன்.

மறுநாள் பெண்பிள்ளைகளை மூன்று நிமிஷத்துக்கு ஒருவராக விட்டார்கள். அக்கா மூன்றாவது. நான் அதற்கு முன்பே குறுக்கு வழியில் ஓடிப்போய், பாதை பிரிகிற இடத்தில் உண்ணிப் புதருக்குள் உட்கார்ந்திருந்தேன். முதல் பெண் வந்தாள், இடது பக்கம் ஏறினாள். இரண்டாவது பெண்ணும் ஏறினாள். அவள் தலை மறைந்ததும் நான் வெளியே வந்து, கைக்கு எட்டிய ஒரு கொப்பை ஒடித்து இடது பாதைக்குக் குறுக்கே போட்டேன். காற்றுக்கு நகராமல் அடிக்காம்பில் ஒரு கல்லையும் வைத்தேன். அப்படிக் கல் வைக்கச் சொல்லிக் கொடுத்தவள் அக்காதான்.

அவள் வந்தாள். இவ்வளவு வேகமாக அவள் ஓடி அதுவரை நான் பார்த்ததில்லை. தழையைப் பார்த்ததும் கால் தானாக நின்றது. வரைபடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். திசைகாட்டியைப் பார்த்தாள். பாறை இருக்கிற பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். எல்லாம் இடது பக்கம் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருக்கும். மறுபடி தழையைப் பார்த்தாள். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே வைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வலது பக்கம் ஓடையை நோக்கி இறங்கி ஓடினாள்.

கூப்பிட்டிருக்கலாம். தொண்டை அடைத்துக்கொண்டது, நாக்கு எழவில்லை என்றெல்லாம் எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி எதுவும் இல்லை. என் தொண்டை நன்றாகவே இருந்தது. அவள் மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த பெண் வருவதற்குள் தழையை எடுத்து ஓரமாக வீசினேன். கடைசி ஆள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதி இருந்தது.

அக்கா ஓடையில் இறங்கி, பாதையில்லாத செங்குத்துச் சரிவைச் சுற்றி ஏறி, பாறையின் பின்பக்கமாக வந்து அந்தக் கொடியைப் பிடித்திருக்கிறாள். மிச்சக் கொடிகளுக்கு எப்படி ஓடினாளோ தெரியாது. முழங்கையெல்லாம் சிராய்ப்போடு வந்து சேர்ந்தாள். அப்படியும் இரண்டாவதாக வந்தாள். ஆலத்தூர் நாட்டுப் பெண் ஒருத்தி அவளை இரண்டு நிமிஷ வித்தியாசத்தில் முந்தியிருந்தாள்.

வாத்தியார் வரைபடத்தை விரித்து, ஓடிய வழியைக் காட்டச் சொல்லி, அந்தப் பிரிவு வந்ததும் இங்கே ஏன் இறங்கினாய் என்று கேட்டார். அக்கா தழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாமி காரியத்தை வெளியாட்களிடம் வாய்விடக் கூடாது என்பது எங்கள் கட்டு. "மேப்பு சரியாத்தானுங்க சார் இருந்துச்சு. நாந்தான் தப்பா எறங்கிட்டேன்" என்றாள். அவர் வரைபடத்தை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தார். அவ்வளவு சுற்றியும் இரண்டு நிமிஷம்தானே என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே போனார்.

அவளுக்குப் பரிசாக ஒரு டவலும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் கொடுத்தார்கள். பொட்டலத்தைப் பிரிக்காமல் என்னிடம் நீட்டினாள். வருகிற வழியில் அத்தனையையும் நான் தின்றேன். ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை. இருந்தாலும் தூக்கு என்றேன். சிராய்ப்பு எரிய எரிய, அவள் குனிந்தாள்.

பதினைந்து நாள் கழித்து மாமா மறுபடி வந்தார். இந்தத் தடவை பன் இல்லை. பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. அதில் எங்கள் நாட்டுப் பெண்களும் பைல் நாட்டுப் பெண்களுமாக ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கீழே பஞ்சாலைக்கு ஆள் எடுக்கிற வேன். அக்கா ஒரு பையோடு வெளியே வந்தாள். ஓட்டத்துக்குக் கொடுத்த டவல் தோளில் கிடந்தது. நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "அவதான் மொதல்ல வரலியே, அப்பறம் ஏன் போறா?"

"வராததுனாலதான் போறா, சாமி" என்றாள் அம்மா.

வேன் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடித்தார்கள். அம்மா சொன்னது புரியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஆறு வருஷம் கழித்து அக்கா திரும்பி வந்தாள். பஞ்சுத் தூசியை நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் வேலை செய்ததால்தான் வீட்டில் என்னைப் படிப்பிலிருந்து நிறுத்தவில்லை. அதே வாத்தியாரிடம்தான் நானும் வரைபடம் பழகினேன். நான் பத்தாவது முடித்த வருஷம் வைத்த பந்தயத்தில் முதலில் வந்து, அதே விடுதிக்குப் போனேன். இன்றைக்கு என் காலில் இருக்கிற பலமெல்லாம் அவளுடையது. அவளோ வீட்டிலிருந்து மிளகுத் தோட்டத்துக்கு ஏறுவதற்குள் மூன்று இடத்தில் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். நிற்கும்போது நெஞ்சுக்குள் விசிலடிக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பதைவிடச் செத்துப்போகலாம் என்று எனக்குத் தோன்றும்.

போன மாதம் ஊருக்குப் போனபோது சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அக்கா மரவள்ளிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். ஓட்டமெல்லாம் எப்படி என்று கேட்டாள். பாதை பிரிகிற இடத்தில் நின்று நின்று நேரம் போகிறது என்று ஆரம்பித்தேன்.

"நின்னு பாக்கறது நல்லதுதான் கண்ணு" என்றாள். "அன்னைக்கு எனக்குக்கூடத் தழை கெடந்துச்சு. மேப்பு ஏறச் சொல்லுச்சு, தழை வேண்டாம்னுச்சு. சாமி எதுக்கோதான் தடுத்திருக்கும்னு எறங்கிட்டேன்." மூச்சு வாங்க நிறுத்தி, உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "இல்லாட்டி உன்னை ஆரு படிக்க வெச்சிருப்பா?"

நானும் ஒரு கிழங்கை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். அவளுக்கு மிஞ்சியிருப்பது அந்தச் சாமி ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டு நான் என்னத்தைக் கொடுப்பேன்? இதைக்கூட அவள் எந்தப் புத்தகத்தையும் கையில் எடுப்பதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பத்து வயதில் எனக்குத் தெரிந்த கணக்கு சுலபமானது. ஒரு பாதையை மூடினால் அக்கா மற்றப் பாதையில் திரும்புவாள், அது வீட்டுக்கு வரும். வீட்டுக்கு வருகிற பாதை என்று ஒன்று அவளுக்கு வைக்கப்படவே இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை. தழையை எடுத்து வீசிவிட்டால் மூடிய பாதை திறந்துவிடும் என்று நம்பினேன். திறக்கத்தான் செய்தது. அதில் ஏறிப் போனவள் நான்.