துருவின் தாளத்தை நேராக்கிய கதை

ஆமை என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. தொழிற்பயிற்சிக் கூடத்தில் ஒட்டிக்கொண்டது. கூடப் படித்தவர்கள் இரும்புத் துண்டை அராவி முடித்து, கையைக் கழுவி, டீ குடிக்கப் போன பிறகும் அவர் மட்டும் மேசைமுன் குனிந்தபடி நிற்பார். "ஏண்டா ஆமை, அது என்ன தங்கமா?" என்று ஒருவன் கேட்டான். அவ்வளவுதான். துண்டுகளை அளந்து பார்த்தபோது அளவு பிசகாமல் இருந்தது அவருடையது மட்டும்தான் என்பதற்கு யாரும் ஒரு பட்டப்பெயர் வைக்கவில்லை.

பிறகு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஓய்வு பெறும்வரை அதுவேதான். மொட்டை மாடியில், கிரீஸ் வாடை அடிக்கும் மோட்டார் அறையில், இரும்புக் கயிறுகள் சக்கரத்தில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அவருடைய வயது போனது. புதிய லிஃப்டைத் திறப்பதற்கு முன் ஆட்களுக்குப் பதிலாக எடைக்கட்டிகளை ஏற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். பாரம் ஏறிய பெட்டி, நிற்க வேண்டிய தளத்தை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கும், மேலும் குறைக்கும், கடைசியில் ஊர்ந்து வந்து தரையோடு தரையாக நிற்கும். அந்தக் கடைசி ஊர்தலைக் காதால் கேட்டே பிரேக் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். "ஓட்டுறதை எவனும் ஓட்டிடுவான். நிறுத்துறதுதான் வேலை" என்பார்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'துரு' என்ற மெட்டல் இசைக்குழுவைப் பற்றி இப்போது எழுதுகிறவர்கள் எல்லாரும், அதன் டிரம்மரான ஆமை தாளத்தில் நிற்கத் தெரியாதவர், பின்தங்கிக்கொண்டே போவார் என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவைக்கிறார்கள். ஒருவராவது அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டதில்லை. எழுதுகிறவர்களுக்கு விரல் இருக்கிறது, காது இல்லை.

அவர் ஊரில் ஹெவி மெட்டல் வளர்ந்த வரிசையையும் தலைகீழாகத்தான் எழுதுகிறார்கள். சரியான வரிசை இது. முதலில் வந்தது 'நெருப்புக்கோழி'. பிளாக் சபாத் என்ற இங்கிலாந்துக் குழுவின் கேசட்டுகளை நாடா தேயும்வரை கேட்டு வளர்ந்த ஐந்து பேர். கனமான கிட்டார், கல்யாண வரவேற்புக்கு வாங்கிய கோட்டு. அடுத்து 'சவுக்கு'. வெளியூர்களில் திராஷ் என்ற வேகமான வகை பரவிய காலம் அது. நெருப்புக்கோழி ஒரு பாட்டு முடிப்பதற்குள் சவுக்கு இரண்டு பாட்டு முடித்துவிடும். அதற்குப் பிறகு 'பிணவறை'. இவர்கள் டெத் மெட்டல்காரர்கள். வேகத்தோடு உறுமலும் சேர்ந்தது. பாடகர் பாடுகிறாரா, வாந்தி எடுக்கிறாரா என்று முன்வரிசைக்காரர்களே ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார்கள். ஆக, புதிதாக ஒரு குழு வந்தால் முந்தைய குழுவைவிட வேகமாக அடித்தாக வேண்டும். வேகம்தான் கனம் என்று ஊர் முழுக்க ஒரே நம்பிக்கை.

அந்த நேரத்தில் வந்தது 'துரு'. மூன்றே பேர். டிரம்ஸ் ஆமை. கிட்டார், கட்டடங்களுக்குச் சுண்ணாம்பும் பெயிண்ட்டும் அடிக்கிற ஒருவர். அவரைப் பெயிண்டர் என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். பேஸ் கிட்டாரும் பாட்டும், பிற்காலத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தவர். மூவரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். ஆமை அதை நிஜமாக்கிவிட்டார், கண்ணாடிக்கடைக்காரரின் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டு.

'எடை' என்ற பாட்டு அவர்களுடையது. நல்ல வேகத்தில் தொடங்கும். பாதிக்குமேல் ஒவ்வொரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகும், பாரம் ஏற்றிய பெட்டி தளத்துக்கு வருவது போல. கடைசி அடி விழுவதற்குள் கேட்கிறவர்களுக்கு மூச்சு முட்டும். இது ஆமையின் யோசனை. பெயிண்டருக்கு ஒரே தடவையில் பிடிபட்டது. கிட்டாரின் ஸ்வரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆமையின் மணிக்கட்டையே பார்த்தபடி நிற்பார். கண்ணாடிக்கடைக்காரருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அடி விழுவதற்குள் வாயைத் திறந்துவிடுவார்.

நகர மண்டபத்தில் நடந்த போட்டியில் அந்தப் பாட்டை வாசித்தார்கள். நடுவில் யாரோ ஊளையிட்டார்கள். "பேட்டரி தீர்ந்துபோச்சுடா!" என்று ஒரு குரல். மண்டபமே சிரித்தது. பாட்டு முடிவதற்குள் அமைப்பாளர் மின்சாரத்தை நிறுத்திவிட்டார். கண்ணாடிக்கடைக்காரருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "உன்னாலதான்டா மானம் போச்சு" என்றார் ஆமையிடம். பெயிண்டர் கிட்டாரைக் கழற்றிக்கொண்டே, "மச்சான், அடுத்த வாட்டி இன்னும் மெதுவா அடி. அழணும் இவனுங்க" என்றார்.

அடுத்த வாட்டி மேடை கிடைக்கவில்லை. பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்த ஒரு கிடங்கில் ஆறு பாட்டுகளை நாடாவில் பதிந்துவைத்தார்கள். கொஞ்ச காலத்தில் பெயிண்டர் சாரத்திலிருந்து தவறி விழுந்து இறந்துபோனார். அவருக்குக் குடும்பம் இல்லை. ஒரு நல்ல புகைப்படம்கூட இல்லை. அந்த நாடா ஒன்றுதான் மிச்சம்.

ஊருக்குக் கெட்டிக்காரத்தனம் எப்போதும் தாமதமாகத்தான் வரும். அந்த நாடாவின் நகல்கள் எப்படியோ கைமாறிப் போயின. மெதுவாக, கனமாக வாசிக்கிற குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. அதற்கு டூம் என்று உலகத்தில் ஏற்கெனவே பெயர் இருப்பது பிறகுதான் இவர்களுக்குத் தெரிந்தது. 'இங்கே இதைத் தொடங்கியவர்கள் துரு' என்று மேடையில் சொல்லிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு சின்ன நிறுவனம், நாடாவை இசைத்தட்டாக வெளியிடுகிறோம் என்று வந்தது. பேச்சுவார்த்தை முழுவதையும் கண்ணாடிக்கடைக்காரர் பார்த்துக்கொண்டார். ஆமையும் விட்டுவிட்டார். மச்சான்தானே என்று.

தட்டு அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது கண்ணாடிக்கடைக்காரர் அக்கா வீட்டுக்கு வந்தார். பலகாரப் பொட்டலத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, போனைச் சின்ன ஸ்பீக்கரோடு இணைத்தார்.

"கேளு மச்சான். நேத்து வாசிச்ச மாதிரி இருக்கு. என் குரலைக்கூடப் புதுசாப் பாடிச் சேர்த்துட்டேன்."

'எடை' தொடங்கியது. ஆமை கண்ணை மூடிக்கொண்டார். பாதிக்குமேல் கண்ணைத் திறந்தார். இடைவெளி கூடவில்லை. அடி, அடி, அடி என்று சுவர்க்கடிகாரம் போல ஒரே சீராக ஓடி, பாட்டு டக்கென்று முடிந்துவிட்டது.

"இது யாரு அடிச்சது?"

"நீதான். கொஞ்சம் நேராக்கியிருக்கு. இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல டிரம்ஸ், கிட்டார், குரல்னு தனித்தனியாப் பிரிச்சு, அதுபாட்டுக்கு வரிசையா இழுத்து வச்சிடுது."

"எதை நேராக்கினீங்க?"

"நீ இழுப்பியே மச்சான், அதைத்தான். உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். நாலு பேர் கேக்கப் போறாங்க."

ஆமை எழுந்து நின்றார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. அன்று மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார்.

"நான் இழுக்கலடா! அடிச்சேன்! எங்க அடிக்கணுமோ அங்க அடிச்சேன்! அன்னைக்கு ஒருத்தன் கரண்ட்டை நிறுத்தினான். அவன் வேத்து ஆளு, போகட்டும். நீ கூட நின்னவன்டா!"

"இதுக்குப் போய் ஏன்..."

"பெயிண்டர் கிட்டாரை என்ன பண்ணினீங்க? அவன் பிடிச்சு நின்னான்ல, அது எங்க?"

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டிரம்ஸ் நேரானா கிட்டாரையும் வெட்டித்தானே ஒட்டணும்."

"வெட்டி," என்றார் ஆமை. "செத்தவனை வெட்டி, மிச்சத்தை எங்க போட்டீங்க?"

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊசி குத்துவது போலத்தான் பேசுவார், சட்டென்று, வலிக்காத மாதிரி. தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு அந்தப் பாட்டு அன்னைக்கும் பிடிக்கல, இன்னைக்கும் பிடிக்கல. ஆணி அடிக்கிறவன் தூங்கிட்ட மாதிரி இருக்கும். ஆனா அது இவங்க மூணு பேரோட பாட்டு. உனக்கு வெக்கமா இருந்தா உன் பேரை எடுத்துக்க. அடுத்தவன் கையை ஏன் வெட்டுற?"

"அக்கா, நீயும் புரியாம..."

"பலகாரத்தை எடுத்துட்டுப் போ. யாரும் திங்க மாட்டாங்க."

மறுநாள் காலை ஆமை ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார். போகிற வழியெல்லாம் வாய்க்குள் திட்டிக்கொண்டே போனார். கண்ணாடிக்கடைக்காரர் அவருக்கு முன்பே வந்து, மூலையில் ஒரு நாற்காலியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒலிக்கலவை செய்கிற பெண்மணி நடுத்தர வயதுக்காரர், பொறுமையாகப் பேசினார்.

"சார், டிரம்மர் சொதப்பியிருக்கார், சரிபண்ணிக் கொடுங்கன்னு சொன்னாங்க. நான் சரிபண்ணினேன். வேணும்னே பண்ணினதுன்னு யாருமே சொல்லல."

"கேட்டா தெரியலையாம்மா?"

"தெரிஞ்சுது சார். தப்பு பண்றவங்க ஒரே அளவுல தப்பு பண்ண மாட்டாங்க. இது படிப்படியாக் கூடிக்கிட்டே போச்சு. வெட்டும்போது ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா பாட்டு கொடுத்தவரே சொல்றாரேன்னு விட்டுட்டேன்."

"விட்டுட்டீங்க," என்றார் ஆமை. அதற்குமேல் அவரைத் திட்ட வாய் வரவில்லை. வராதது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

நாடாவிலிருந்து எடுத்த மூலப்பதிவு பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணாடிக்கடைக்காரரின் புதுக்குரல் நேராக்கிய தாளத்துக்குப் பாடியது. பழைய தாளத்தை வைத்தால் குரல் பொருந்தாது. ஒன்று, பழைய தாளத்துக்கு மறுபடி பாட வேண்டும். இல்லையென்றால் அந்தக் காலத்துக் குரலையே விட வேண்டும்.

"பாடறேன். என்ன பெரிய விஷயம்," என்று கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார்.

முதல் பாதி நன்றாகவே போனது. இடைவெளி கூடத் தொடங்கியதும் அவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஒரு சொல்லை இழுத்துப் பிடித்து அடுத்த அடிக்குக் காத்திருக்க வேண்டும். மூச்சு போதவில்லை. முகம் சிவந்து, அடி விழுவதற்கு முன்பே அடுத்த சொல்லுக்குத் தாவினார். மறுபடி. மறுபடியும் அதேதான். நான்காம் முறை சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"எப்பதான்டா அடிப்ப?" என்று ஹெட்போனைக் கழற்றிக் கத்தினார், அன்று அடித்தவர் இன்றும் உள்ளே உட்கார்ந்து அடித்துக்கொண்டிருப்பது போல.

"நில்லுடா! வரும்!" என்று இந்தப் பக்கமிருந்து ஆமை கத்தினார். "அன்னைக்கும் நிக்கல, இன்னைக்கும் நிக்கல! உனக்கு நிக்கத் தெரியாததுக்கு நான் சொதப்பினேன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்க!"

கண்ணாடிக்கடைக்காரர் வெளியே வந்து நாற்காலியில் விழுந்தார். கொஞ்சம் தண்ணீர் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி. பழசையே வைங்க. ஆனா மச்சான், ஒண்ணே ஒண்ணு. நான் முந்திக்கிட்டு வர இடம் இருக்குல்ல, அதை மட்டும் தள்ளி வச்சிரலாமா? அது ஒண்ணும் வேணும்னே பண்ணதில்லையே. நிஜமாவே தப்புதானே?" என்றார்.

நியாயமான கேள்வி. நேற்று முழுவதும் வெட்டக் கூடாது என்று கத்தியவர் ஆமை. மச்சானின் குரலை மட்டும் வெட்டலாம் என்றால், அது என்ன நியாயம்? வெட்டாதே என்றால், பழிவாங்குவது போல ஆகும். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பழிவாங்கவும் ஆசையாகத்தான் இருந்தது.

"முதல்ல அந்த இடத்தைக் கேளுங்க," என்றார் பெண்மணி. "இரைச்சலையெல்லாம் துடைக்காத பதிவு இது."

போட்டார். இளவயதுக் குரல் அடிக்கு முன்னால் திடுதிப்பென்று வந்து விழுந்தது. அதன் பின்னால், கிட்டாரின் ரீங்காரத்துக்கு அடியில், மைக்கை விட்டுத் தள்ளி நின்ற யாரோ ஒருவர் சிரித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாக வருகிற சிரிப்பு. சிரித்துக்கொண்டே அவர் ஸ்வரத்தை விடவில்லை. அடி விழும்வரை பிடித்திருந்தார்.

"இதை இரைச்சல்னு நெனச்சுதான் துடைச்சிருந்தேன்," என்றார் பெண்மணி.

கண்ணாடிக்கடைக்காரர், "இன்னொரு வாட்டி போடுங்க," என்றார். போட்டார். "மூதேவி, என்னைப் பாத்துத்தான் சிரிக்கிறான்," என்றவர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"தள்ளி வைக்கணுமா சார்?" என்று பெண்மணி கேட்டார்.

"தொடாதீங்க," என்று முகத்தை மூடியபடியே சொன்னார் கண்ணாடிக்கடைக்காரர். "ஒண்ணையும் தொடாதீங்க."

தட்டு அப்படியே அச்சுக்குப் போனது. ஆமையின் கோபம் அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. மச்சானோடு பேருந்து நிறுத்தம்வரை சேர்ந்துதான் நடந்தார். வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டேதான் நடந்தார். நேரே வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "துடைச்சிருக்காங்கடி, பெயிண்டர் சிரிப்பை! கேக்காமலே போயிருக்கும்!" என்று மனைவியிடம் ஆரம்பித்தார். மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு, முழுவதையும் கேட்க உட்கார்ந்தார்.