சிவப்பு விளக்கில் சந்தனம்

அறுபதுகளில் புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நான் மெக்கானிக். இருந்தது ஒரே ஆம்புலன்ஸ். அதன் கூரையில் இருந்த சிவப்பு விளக்குக்குள் எப்போதும் ஈரம் கோத்துக்கொள்ளும். கண்ணாடி உள்ளே வியர்த்து வெளிச்சம் மங்கிவிடும். விளிம்பு முழுக்க மக்குப் பசை வைத்து அடைத்தேன். வியர்வை கூடியதே தவிரக் குறையவில்லை.

எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர், என்னைப் போலவே டிப்ளமா படித்தவர், மக்கைச் சுரண்டிவிட்டு விளக்கின் அடித்தட்டில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டார்.

“எல்லாப் பக்கமும் அடைச்சுட்டா உள்ள இருக்கற ஈரம் எங்க சார் போகும்?”

பக்கத்தில் நின்ற பெரிய டாக்டர் சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை. ஆனாலும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடி தெளிந்துவிட்டது. பிறகு வண்டி இருமினால்கூட அவரைத்தான் கூப்பிட்டார்கள். காலியாக இருந்த ஃபோர்மன் வேலையும் அவருக்குத்தான் என்று பேச்சு. ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வரும்போது பாலம் முழுக்க அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே மிதிப்பேன்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்ரீரங்கத்துக்காரர் கை ராசியான கை என்று சந்தனக் கிண்ணத்தை வருஷாவருஷம் என்னிடம்தான் கொடுப்பார்கள். ஸ்டியரிங், சக்கரம், விளக்கு என்று பொட்டு வைத்துக்கொண்டே போனேன். ஏணியில் ஏறி, அந்த ஓட்டையிலும் கெட்டியாக ஓர் உருண்டையை அப்பினேன். பக்தியை யார் சந்தேகிப்பார்கள்?

ஐப்பசி மழையில் விளக்குக்குள் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி பல்பு போயிற்று. மண்ணச்சநல்லூரிலிருந்து பிரசவத்துக்கு ஒரு பெண்ணை ஏற்றி வந்த சாயங்காலம், காவிரிப் பாலத்தில் நெல் வண்டிகள் ஒதுங்கவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தது என் புண்ணியமல்ல.

ஓட்டை வழியாகத்தான் மழை நுழைந்தது என்று டாக்டரிடம் சொன்னேன். நம்பினார். ஓட்டை போட்டவர் விளக்கைக் கழற்றிப் பார்த்தார், ஓட்டையிலிருந்த சந்தனத்தைத் துடைத்தெடுத்துவிட்டுத் திரும்ப மாட்டினார். நான் ஃபோர்மன் ஆனேன். ஓட்டையை அடைத்துவிட்டதாகச் சொன்னேனே தவிர அடைக்கவில்லை. அது வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த ஆயுத பூஜையில் கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டியவர் அவர்தான். பக்கத்தில் யாருமில்லை.

“நீங்களே வைங்க சார். கண்ணாடியில மட்டும் வைங்க.”

ஏணியையும் அவரே பிடித்துக்கொண்டார். மேலே நின்று கண்ணாடியில் மட்டும் பொட்டு வைத்தேன். வெட்கப்பட்டேன் என்றுதான் எழுத ஆசை. ஆனால் அந்த நிமிஷத்திலும், இப்படியொரு மனசு இவருக்கு மட்டும் எப்படி வாய்த்தது என்று பொறாமைதான் பட்டேன்.