முதுநகரில் இருந்த முதல் பதிப்பு

2009இல் நான் சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவி. வீடு கடலூரில், தினமும் பஸ். ஒரு பழைய சைவத் தத்துவ நூலையும் அதன் உரையையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்த எல்லாப் பதிப்புகளிலும் ஓரிடத்தில் உரை இடறியது. எதிர்வாதி ஒரு கேள்வி கேட்கிறான். அதற்குப் பதில் பாதியிலிருந்து தொடங்குகிறது. முதன்முதலில் அச்சான பதிப்பைப் பார்த்தால்தான் தெரியும் என்றார் என் வழிகாட்டி. அவரே அதைப் பார்த்ததில்லை. நான் ஏறி இறங்கிய நூலகங்களிலும் இல்லை.

என் கணவருக்கு சிப்காட்டில் வேலை. சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்யும் கடலூர் முதுநகர் நண்பரிடம் நான் படும் பாட்டைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். அந்த முஸ்லிம் நண்பர் சாதாரணமாகச் சொன்னாராம்: "எங்க பாட்டனாருக்குப் பாட்டனாரு அச்சாபீஸ் வெச்சிருந்தாரு மச்சான். அவுரு அடிச்ச புக்கு ஒண்ணு அம்மாகிட்ட இருக்குது. வந்து பாக்கச் சொல்லு."

கைக்குழந்தையோடு போனேன். நண்பரின் அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். பீரோவைத் திறந்து, வெள்ளைத் துணியில் சுற்றியிருந்ததை எடுத்துத் தந்தார். பக்கங்கள் டீ நிறத்தில் இருந்தன. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. பாட்டும் உரையும் இடைவெளியே இல்லாமல் ஓடின. தட்டுத்தடுமாறி அந்த இடத்துக்கு வந்தேன். விடுபட்டிருந்த பத்தி முழுசாக இருந்தது. எதிர்வாதிக்குப் பொறுமையாக, முதலிலிருந்து சொல்லப்பட்ட பதில்.

"கெடச்சிடுச்சா?" என்றார் அம்மா. தலையை ஆட்டினேன்.

ஜெராக்ஸ் எடுக்கலாமா என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. "மெஷின்ல வெச்சி அமுக்குனா ஒடைஞ்சி பூடும்மா. நீ இங்கயே வந்து எழுதிக்க."

"கொழந்தைய வெச்சிக்கினு எப்புடிம்மா எழுதுறது?"

"ஏன், நான் இல்ல?"

அப்படித்தான் ஒரு வருஷத்துக்கு மேல், சனிக்கிழமைகளில் அந்த வீட்டில் உட்கார்ந்து நூல் முழுவதையும் ஒப்பிட்டு எழுதினேன். என் மகள் அவர் மடியில் இருந்தாள். பிறகு அவருடைய தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகினாள். ஜாக்கெட் கேட்டு வந்தவர்களை அவர் நாளைக்கு வரச் சொல்லி அனுப்புவது என் காதில் விழும். நோன்பு மாதத்தில்கூட எனக்கு டீ போட்டுத் தந்தார். வேண்டாம் என்றால், "நோன்பு எனக்குத்தான், ஒனக்கா?" என்பார்.

2011 கடைசியில் கடலூரையே புரட்டிப்போட்ட அந்தப் புயல் வந்தது. மறுநாள் சாய்ந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு நானும் கணவரும் முதுநகர் போனோம். அவர்கள் வீட்டுக் கூரை ஷீட்டில் பாதியைக் காணோம். அம்மா நனைந்த புடவைகளைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலியேம்மா?"

"எனக்கு என்னா? நல்லாதான் இருக்கேன். உள்ள வா."

பீரோவுக்குள்ளும் தண்ணீர் இறங்கியிருந்தது. அவர் அரிசி ட்ரம்மின் மூடியைத் திறந்தார். உள்ளே வெள்ளைத் துணி மூட்டை, துளி ஈரம் இல்லாமல் இருந்தது. அரிசி தரையில் ஊறிக் கிடந்தது.

"வேற எதுலயும் தண்ணி பூந்துடும்னு தோணுச்சி. அரிசியக் கொட்டிட்டு இத வெச்சேன்."

"இவ்ளோ அரிசியுமாம்மா?"

"அரிசி வாங்கிக்கலாம். இத யாரு திரும்ப அடிச்சித் தருவா?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று இரண்டு பேருமாகத் தரையை வழித்துக் கழுவினோம்.

ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயரை எழுதிக் காட்டினேன். எடுத்துவிடச் சொன்னார். அச்சிட்டவர் பெயர் போதுமாம். இரண்டையும் போட்டேன். இந்த ஒன்றில் மட்டும் அவர் பேச்சை நான் கேட்கவில்லை.

2012இல் வாய்மொழித் தேர்வுக்கு அம்மா தன் மகனோடு சிதம்பரம் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். என் மகள் அவர் தோளிலேயே தூங்கிப்போனாள். விடுபட்ட பத்தியைப் பற்றித்தான் நிறையக் கேட்டார்கள். எல்லாம் முடிந்ததும் என் வழிகாட்டி நேராக அவரிடம் போய்க் கைகூப்பினார். அம்மா கூச்சத்தோடு எழுந்து நின்றார்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "நீ பேசுனது ஒண்ணும் புரியல. ஆனா ஒரு எடத்துலயும் நிக்காம பேசுன."

எல்லோருமாக ஓட்டலுக்குப் போனோம். என்னைச் சாப்பிடவிட்டு, தூங்கி எழுந்த குழந்தைக்கு அவர்தான் இட்லி பிட்டு ஊட்டினார்.