ஐந்தாவது அடுக்கு

அடிபட்ட தொழிலாளர்களைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துவிடுவதுதான் என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், பிசியோதெரபி படித்தேன். திருக்கோகர்ணத்தில் காலையில் பஸ் ஏறுவேன். யாராவது ஒரு முதலாளி முன்னால் நின்று, "முழு வேலை இப்ப முடியாதுங்க, லேசான வேலையா குடுங்க" என்பேன். பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவேன்.

இலுப்பூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர். அடுக்கு சரிந்து விழுந்ததில் வலது தோள்பட்டை முறிந்தது. எலும்பு கூடிய பிறகும் கை மேலே எழவில்லை. வலிக்குமே என்று அவர் மனைவி சோற்றைக்கூட ஊட்டிவிட்டார். அந்தப் பிரியத்திலேயே தோள் இறுகிக்கொண்டு வந்தது. இப்படியே விட்டால் கை அவ்வளவுதான். இந்த நேரத்தில் முதலாளி வேறு, திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்.

சாக்கு தைக்கும் வேலையைக் கேட்டு வாங்கினேன். ஊசியை இழுக்க இழுக்கத் தோள் கொஞ்சம் கொஞ்சமாக விரியும் என்று கணக்குப் போட்டேன். என் ஆத்தாவும் ஓர் ஆலையில் சாக்கு தைத்துத்தான் என்னைப் படிக்கவைத்தாள். அதனாலேயே எனக்கு அது உறைக்கவில்லை: அது பெண்கள் மட்டும் செய்யும் வேலை.

"என்ன மாப்ள, நாளைக்கு வாசத் தெளிச்சுக் கோலமும் போட்டுருவியா?" என்று மூட்டை தூக்குகிறவர்கள் கேட்டார்களாம். சிரித்துக்கொண்டே தைத்தவர், மத்தியானம் ஊசியைச் சாக்கில் குத்திவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன்.

"கைக்கு நல்லதுண்ணே."

"கைக்கு நல்லதுதான் தம்பி. மூஞ்சிய எங்கிட்டுக் கொண்டுபோயி வச்சுக்கிறது?"

இன்னும் நாலு நாள் தவணை கேட்கலாம் என்று ஆலைக்குப் போனேன். முதலாளி வரவில்லை. சாக்கு தைக்கும் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் தம்பி, எங்க வேல ஒங்க அண்ணனுக்குக் கசக்குதாக்கும்?" என்றார் ஓர் அக்கா.

"எங்க ஆத்தாவும் சாக்கு தச்சவதாங்க."

"அப்பறம் தெரியாதா, ஆம்பள இங்க வந்து ஒக்காரமாட்டான்னு? ரொம்பப் படிச்சா மறந்துருமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வலித்தது. அந்த அக்காவே ஊறுகாய் விரலைச் சப்பியபடி சொன்னார்: "அடுக்குன மூட்டைக்கு மார்க் போடுற ஆளு வேலைய விட்டு நின்னுட்டான். மசிச் சட்டியத் தூக்கிக்கிட்டு நாங்கதான் அலையிறோம். அத அவருக்குக் குடுக்கச் சொல்லுங்க. எங்க இடுப்பாவது மிஞ்சும்."

அது ஆண்கள் செய்துவந்த வேலை. முதலாளி வரும்வரை காத்திருந்து சம்மதம் வாங்கினேன். திங்கட்கிழமை அண்ணன் வேலைக்கு வந்தார்.

மசியில் கோடு போட முதல் அடுக்குக்குக் குனிந்தால் போதும். இரண்டாவது இடுப்பளவு, மூன்றாவது நெஞ்சளவு. எந்தப் பயிற்சிச் சீட்டிலும் நான் இவ்வளவு சரியாக எழுதியதில்லை. அவரோடு மூட்டை தூக்கும் செட்டு அவர் இடத்துக்குப் புது ஆளைச் சேர்க்கவில்லை. "எங்களுக்குள்ள பாத்துக்கிறோம்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, எட்டுப் பேர் தூக்கியதை ஏழு பேர் தூக்குகிறார்கள். "அஞ்சாவது அடுக்க எட்டிட்டு வா மாப்ள, அப்பறம் மூட்ட தூக்கலாம்" என்பது இப்போதைய கேலி.

போன வாரம் போய் நின்றபோது நாலாவது அடுக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு நீலக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். ஐந்தாவதுக்கு வந்ததும் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டு, பிரஷ்ஷை இடது கைக்கு மாற்றினார். திரும்பினால் நான்.

"இன்னைக்கு மட்டுந்தான் தம்பி."

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன், அவ்வளவு அசதி. வாய் வேறு சொன்னது: "வலது கைண்ணே."

முறைத்தார். பிரஷ்ஷை மாற்றினார். கோடு ஐந்தாவது மூட்டையின் அடியில் ஒரு விரல் உயரம் ஏறி நின்றது. கையை இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார்: "போதுமா?"

"இன்னைக்குப் போதும்ணே."

கீரனூர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன். அங்கே இன்னொருவர், முழங்கால்.