ரிக்கார்டில் ஒரு கை, டேப்பில் ஒரு கை

சென்னையில் வேலை பார்க்கும் ஷாலினி அப்பாவுக்கு ஆசையாக ஒரு ரிக்கார்டு பிளேயர் வாங்கி அனுப்பினாள். வினை அங்கேதான் தொடங்கியது. பெட்டியோடு ஒரு பழைய இசைத்தட்டும் வந்தது. அவள் அப்பா பச்சமுத்து இளவட்டமாக இருந்தபோது தவில் வாசித்த தட்டு. அண்ணன் சடையன் நாதஸ்வரம், தம்பி தவில். அது வெளிவந்த புதிதில் நைனார்பாளையத்தில் இவரைப் பிடிக்க முடியவில்லை. ஊர்க்காரர்கள் ‘மின்னல் கை’ என்றார்கள், இவரும் மறுக்கவில்லை. வீட்டில் பிளேயர் ஏது? பிறகு அதைக் கேட்காமலே நாற்பது வருஷம் ஓடிவிட்டது.

இப்போது கேட்டார். விரல்களில் தவில் அடிக்கும் கூடு மாட்டிக்கொண்டு கூடவே வாசித்தும் பார்த்தார். தனி ஆவர்த்தனத்தில் பாதிகூடத் தாண்டவில்லை, இசைத்தட்டு இவரை விட்டுவிட்டு ஓடியது. மறுநாளும் அதே கதை. கை போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார். நரம்பில் ஒரு குறையும் இல்லை என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொன்னதையும் நம்பவில்லை. திருநாவலூர் கோயில் கச்சேரிக்கு அண்ணன் கூப்பிட்டபோது, “வேற ஆள பாத்துக்கோணா” என்று போனை வைத்துவிட்டார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வயசானால் கை தளரும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனுஷர், தன் கைக்கும் வயசாகும் என்று நினைத்ததே இல்லை போலும்.

மனைவி கண்ணகிக்குப் பொறுக்கவில்லை. சங்கராபுரத்தில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் ஜீவாவை வரவழைத்து, கணவர் கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்து மெல்லச் சொன்னாள்.

“தம்பி, இந்தப் பொட்டிய எப்டியாவது கெடுத்து உட்டுட்டுப் போ. இனிமே ஓடாதுன்னு சொல்லிடு.”

“இன்னாக்கா இது! நான் ரிப்பேர் பண்றவன். கெடுக்கறதுக்கா கூப்புட்டீங்க?”

ஜீவா அந்தத் தட்டைப் போட்டுக் கேட்டார். கையோடு கொண்டுவந்திருந்த வேறு இரண்டு தட்டுகளையும் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அதே கச்சேரியைக் கம்பெனி அப்போது ஸ்பூல் டேப்பாகவும் விற்றிருந்தது. அதில் ஒன்று அவர் கடைப் பரணில் கிடந்தது. மறுநாள் டேப்பையும் அது ஓடும் மெஷினையும் பைக்கில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

டேப் ஓடியது. அதே தனி, அதே தாளச் சொற்கள். ஆனால் ஒவ்வொரு அடியும் நிதானமாக, கனமாக விழுந்தது. பச்சமுத்துவின் விரல்கள் தொடையில் தானாகக் கூடவே ஓடின, எங்கும் பின்தங்கவில்லை. ஆனாலும் மனுஷர் ஒப்புக்கொள்ள வேண்டுமே.

“உன் மிஷினுதான் ஸ்லோவா ஓடுது. என்ன சமாதானம் பண்ணப் பாக்கறியா?”

“கடைசி வரைக்கும் கேளுங்கணா.”

தனி முடிந்ததும், “சபாஷ்டா!” என்று ஒரு குரல். இசைத்தட்டில் அது கீச்சென்று கேட்கும். கூட்டத்தில் யாரோ பொடியன் என்றே பச்சமுத்து நினைத்திருந்தார். டேப்பில் அது சடையனின் கட்டைக்குரல்.

“ரிக்கார்டுல ஒரு பக்கத்துக்குள்ள அடங்கணும்னு வேகமா ஓட்டிப் பதிஞ்சிருக்காங்கணா” என்றார் ஜீவா. “மத்த ரிக்கார்டெல்லாம் இதே பொட்டியில சரியாதான் பாடுது. டேப்புல எடம் ஜாஸ்தி, அவசரமே இல்ல.”

பச்சமுத்து இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அடப்பாவிங்களா!” என்று சிரித்தார். கண்ணகி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இனிமேலாவது சோத்த துன்னுங்க” என்றாள். அதற்கு முன்னால் அவர் போனை எடுத்தார்.

“அண்ணா, திருநாவலூருக்கு நானே வரேன். கைக்கு ஒண்ணும் இல்ல. ரிக்கார்டுதான் வேகமா ஓடியிருக்கு.”

“அது எனக்கு அன்னிக்கே தெரியும்டா” என்றார் சடையன். “என் நாயனம் கீச்சு கீச்சுன்னு கத்துது, எனக்குத் தெரியாதா?”

“அப்ப ஏண்ணா சொல்லல?”

“ஊரே உன்ன மின்னல் கைன்னுச்சு. நீ கால் தரையில படாம சுத்திக்கினு இருந்த. அத்தப் போயி எப்டிடா சொல்றது?”

பச்சமுத்து போனைக் காதில் வைத்தபடியே விரல் கூட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

“இன்னாடா, லைன்ல கீறியா?”

“கீறேண்ணா.”

“வந்து மெதுவா வாசி. இப்பல்லாம் எனக்குதான் மூச்சு வாங்குது.”