மூளைதின்னி டிலுசா

முல்லைத்தீவில் டிலுசாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். மூளைதின்னியைத் தெரியாதவர் இல்லை. அந்தப் பட்டத்தை அவளுக்குச் சூட்டியவர் வண்டி திருத்தும் கராச் செல்வநாயகம். அவரை மன்னிக்கும் எண்ணம் அவளுக்கு இம்மியும் இருந்ததில்லை. ஒழுங்காகப் பூசைக்குப் போவாள், பாதரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்வாள்; செல்வநாயகத்தின் மேல் இருந்த வன்மத்தை மட்டும் அங்கே வாயில் எடுக்கமாட்டாள்.

வாகன மின்வேலை படித்துவிட்டு, பழைய லப்ரொப் கணினி ஒன்றும் ஒரு கேபிளுமாகக் கடை போட்டவள் அவள். இந்தக் காலத்து வண்டிகளில் என்ஜினை ஆட்டிவைப்பது ஒரு கணினிப் பெட்டி. சனம் அதை மூளை என்கிறது. ஸ்ரேரிங்குக்குக் கீழே உள்ள சொக்கட்டில் கேபிளைச் செருகினால் மூளை சொல்வதெல்லாம் லப்ரொப்பில் வரும். வண்டி ஓட ஓடப் பதிவும் ஆகும்.

நாயாற்றுச் சூசைப்பிள்ளையின் மீன் லொறி ஓட்டத்தில் திடீர் திடீரென்று நிற்கத் தொடங்கியபோது அவர் முதலில் வந்தது இவளிடம்தான். டிலுசா கேபிளைச் செருகினாள். தொடர்பு வந்தது, அறுந்தது, வந்தது, அறுந்தது. பொழுதுபட்டும் ஒன்றும் பிடிபடாமல் அவரை அனுப்பிவைத்தாள். மறுநாள் லொறி ஐஸ் மீனோடு நடுக்காட்டில் நின்று, மீன் முழுவதும் நாறிப்போனது. மீன் ஏலம் போடும் கரையில், அத்தனை பேருக்கும் முன்னால் செல்வநாயகம் சொன்னார்:

“அந்தப் பெட்டையின்ர லப்ரொப் லொறியின்ர மூளையைத் திண்டுபோட்டுது. உங்கட வண்டியளையும் கொண்டுபோய்க் குடுங்கோ, தின்னட்டும்.”

கரை விழுந்து விழுந்து சிரித்தது. அன்றோடு டிலுசாவின் கடைக்கு வண்டி வருவதும் நின்றது.

செல்வநாயகம் வேறொரு மூளையை வாங்கிப் பூட்டினார். லொறி அப்போதும் நின்றது. அதன்பிறகுதான் சூசைப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு டிலுசாவின் கடை வாசலுக்கு வந்தார்.

“பிள்ளை, ஒருக்காப் பாக்கிறியே?”

போங்கோ என்று சொல்ல நாக்குத் துடித்தது. ஆனால் செல்வநாயகத்தின் வாயை அடைக்க இந்த லொறியை விட்டால் அவளுக்கு வேறு வழி இல்லை.

“பாக்கிறன் மாமா. செல்வநாயகம் அண்ணையில பிழையெண்டா, என்னைச் சொன்ன அதே இடத்தில, அதே சனத்துக்கு முன்னால வந்து அவர் சொல்லவேணும். நீங்கள்தான் கூட்டிவரவேணும்.”

“ஓம், கூட்டிவாறன்.”

இந்தமுறை அவள் தன்னுடைய பக்கத்திலிருந்தே தொடங்கினாள். மென்பொருளில் குறித்திருந்த இணைப்புப் போட்டின் எண்ணும் லப்ரொப் கேபிளுக்குக் கொடுத்திருந்த எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தாள். பற்றரியை மிச்சம் பிடிக்க லப்ரொப் தானாகவே யூஎஸ்பியை அணைப்பதை நிறுத்தினாள். கேபிளுக்கான டிரைவர் மென்பொருளை அழித்துத் திரும்பவும் ஏற்றினாள். பிறகு பக்கத்துக் கடை ராஜினி அக்காவின் காரில் செருகினாள். தொடர்பு ஆடாமல் அசையாமல் நின்றது. லொறியில் செருகினாள், அறுந்தது. அப்படியென்றால் லப்ரொப்பிலும் குற்றமில்லை, கேபிளிலும் குற்றமில்லை. கள்ளன் லொறிக்குள்தான் இருக்கிறான்.

“லொறியை எடுங்கோ மாமா. குழியளைப் பாத்து விடுங்கோ.”

“விலத்தித்தானே ஓடுறனான்.”

“விலத்த வேண்டாம். பாத்து விழுத்துங்கோ.”

மடியில் லப்ரொப்பை வைத்துப் பதிவை ஓடவிட்டாள். முதல் குழியிலேயே தொடர்பு அறுந்தது, என்ஜின் இருமியது. அடுத்ததிலும் அதே கதை. ஆத்திரத்தில் அவளுக்குக் கண்ணீர் முட்டியது. டாஷ்போட்டில் நீலப் பல்ப் சுற்றிய மாதா சொரூபம் ஒன்று இருந்தது. நிமிர்ந்து அதையே ஏசினாள்.

“மாதாவே, நீரும் செல்வநாயகத்தின்ர ஆளோ?”

லொறி இன்னொரு குழியில் விழுந்தது. மாதாவின் பல்ப் அணைந்தது. அதே நேரம் தொடர்பு அறுந்தது, என்ஜின் இருமியது. பல்ப் திரும்ப எரிய, தொடர்பும் வந்தது.

“மாமா, இந்தப் பல்ப் எப்பவும் இப்பிடியே?”

“அது மின்னுற பல்ப், பிள்ளை. செல்வநாயகம் பூட்டித் தந்தவன். விட்டு விட்டு எரியுதே எண்டு கேட்டனான். அதின்ர வடிவே அதுதான் எண்டவன்.”

“எப்ப பூட்டினது?”

“லொறி நிக்கத் தொடங்கிறதுக்குக் கொஞ்சம் முந்தி...” சொல்லிக்கொண்டிருந்த சூசைப்பிள்ளை பிரேக்கை மிதித்தார்.

டிலுசா டாஷ்போட்டின் மூடியைக் கழற்றினாள். மூளைக்கும் சொக்கட்டுக்கும் கரண்ட் கொண்டுபோகும் வயரை வெட்டி, மாதாவின் பல்ப் வயரையும் அதோடு சேர்த்துக் கையால் முறுக்கி, கறுப்பு ஒட்டு ரேப் சுற்றி விட்டிருந்தார் செல்வநாயகம். முறுக்குத் தளர்ந்திருந்தது. லொறி குலுங்கும்போதெல்லாம் மூன்றுக்கும் ஒன்றாகக் கரண்ட் போனது. அந்த முறுக்கை அப்படியே வெட்டியெடுத்து, வயரை ஈயம் வைத்து ஒட்டி, பல்ப்புக்கு வேறாக ஒரு வயர் இழுத்தாள். பல்ப் மின்னாமல் எரிந்தது. லப்ரொப்பில் பதிவு அறாமல் ஓடியது.

சூசைப்பிள்ளை சாரத்தை மடித்துக் கட்டினார்.

“அவனை இண்டைக்கு முறிக்கிறன்.”

“அடிச்சா சனம் அவருக்கு இரங்கும், மாமா. எனக்கு அது வேண்டாம்.”

விடிய ஏலக்கரைக்குச் செல்வநாயகம் வந்தார். கையைப் பிடித்துக் கூட்டிவந்தவர் சூசைப்பிள்ளை. “லப்ரொப்பில பிழையில்லை” என்று செல்வநாயகம் மணலைப் பார்த்து முணுமுணுத்தார்.

“மணலுக்குக் காதில்லை, அண்ணை. ஆரில பிழை?” என்றாள் டிலுசா.

“என்னில.”

“பின்னால நிக்கிறவைக்குக் கேக்கேல்லை.”

“என்னில பிழை!”

கரை இந்தமுறையும் சிரித்தது. வெயிலில் நின்று இளநீர் குடித்தமாதிரி அந்தச் சிரிப்பு டிலுசாவுக்குள் இறங்கியது. அதை மறைக்க அவள் முயலவில்லை.

இப்போது வண்டிகள் வருகின்றன. கடை வாசலில், மற்றவர்கள் தேசிக்காயும் மிளகாயும் கட்டும் இடத்தில், ரேப் சுற்றிய அந்த முறுக்கு வயர் தொங்குகிறது. இதென்ன என்று கேட்காதவர் இல்லை. கேட்டவருக்குச் செல்வநாயகத்தின் பெயர் சொல்லி முழுக்கதையும் சொல்லாமல் அவள் விட்டதும் இல்லை.

போன கிழமை காரைக் கொண்டுவந்த பாதரும் கேட்டார். கதையைக் கேட்டு முடித்துவிட்டு, “அந்தாள்தான் பிழையை ஒத்துக்கொண்டிட்டுதே. அதைக் கழட்டு, பிள்ளை” என்றார்.

“ஓம், பாதர்” என்றாள் டிலுசா.

சொன்னபடியே கழற்றினாள். தூசி படிந்திருந்தது. துணியால் நன்றாகத் துடைத்து, குள்ளமானவர்களுக்கும் தெரியட்டும் என்று, சற்றுக் கீழே கட்டிவிட்டாள்.